முயலகன் சாவதில்லை

விபத்தில் உயிர்தப்பிய ஒருவர் வண்டியோட்டக் கற்க முற்படும்போது அவரைத் தடுத்து நிறுத்தும் அச்சத்தை உளவியலுக்கு மட்டுமே உரிய பொருளாக இக்காலம் கருதிவருகிறது. ஆனால் அச்சம் எங்கிருந்து எழுகிறது, அது அறிவின்பாற்பட்டதா அறியாமையின்பாற்பட்டதா, அதை அடியோடு அழித்துவிட இயலுமா என்னும் வினாக்களை இந்நாட்டுச் சமயங்கள் மோட்டார் வண்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுப்பி, தத்தம் வழியில் விடையும் கூறியிருக்கின்றன. அவ்விடைகளுள் எது நிற்கும், எது நிற்காது என்பதை ஏட்டில் வைத்துப் பார்ப்பதைவிட மலைச்சாலை ஒன்றின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அதற்குத் தென்காசி மாவட்டத்துப் புளியறை ஏற்ற ஊர்.

செங்கோட்டைக்கு மேற்கே, வயலும் தென்னந்தோப்பும் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் புளியறை இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரின் சோதனைச்சாவடியைத் தாண்டியவுடன் ஏற்றம் பிடித்து, ஓட்டுநர்கள் 'எஸ் வளைவு' என்று அழைக்கும் இரட்டைத் திருப்பத்தைக் கடந்து, கோட்டைவாசலில் மாநில எல்லையைத் தொட்டு, ஆரியங்காவுப் பக்கம் இறங்குகிறது. சரக்கு லாரிகளும் சபரிமலைப் பருவத்தில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் இரவு பகலாக ஓடும் சாலை இது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தார்ச்சாலை நனைந்தே கிடக்கும். அதே ஊரில்தான் சதாசிவமூர்த்தி கோயிலும், அங்கு குருவாக வழிபடப்படும் தட்சிணாமூர்த்தியின் சந்நிதியும் உள்ளன. அச்சந்நிதிக்கு ஏறிச்செல்லும் இருபத்தேழு படிகளை இருபத்தேழு நட்சத்திரங்களாகக் கொள்வர். படையெடுப்புக்கு அஞ்சித் தில்லை நடராசர் திருமேனியை அன்பர்கள் இங்கே ஒரு புளியமரப் பொந்தில் மறைத்து வைத்தனர் என்பதும், புளியறை என்னும் பெயர் அதனால் வந்தது என்பதும் ஊர் வழங்கும் தலவரலாறு. வரலாற்றாசிரியர் இதை எவ்வளவு ஏற்பார் என்பது வேறு செய்தி. ஓர் ஊர் தன் பெயருக்குக் காரணமாகவே ஓர் அச்சத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. அன்பர்களின் அச்சம் அந்தக் கதையில் இழிவாகச் சொல்லப்படவில்லை. அவர்கள் அஞ்சியதனால்தான் திருமேனி பிழைத்தது.

அச்சத்துக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டு என்பதைத் தமிழ் மரபு முன்பே அறிந்திருந்தது. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாதிருப்பதைப் பேதைமை என்றும், அஞ்சுவதை அறிவுடையார் தொழில் என்றும் பிரித்துக் காட்டுகிறார். சாலையும் அஞ்ச வேண்டியவற்றுள் ஒன்றே: 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பதும், விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது என்பதும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு. ஆகவே விபத்துக்குள்ளானவரிடம் 'வீண் பயம்' என்று சொல்லுகிறவர் ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு பொய் சொல்லுகிறார். கேட்பவருக்கு அது பொய் என்று தெரியும், ஏனெனில் கண்ணாடி நொறுங்கும் ஓசையை அவர் காதால் கேட்டிருக்கிறார்.

அத்வைத வேதாந்தத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் கயிறு–பாம்பு உவமை இவ்விடத்தில் பாதி வழிதான் துணைவருகிறது. அரையிருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று கண்டு ஒருவன் அலறுகிறான். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்து கயிறு நிற்கிறது. அதுபோல மெய்ப்பொருளை அறிந்தவுடன் உலகத் தோற்றத்தால் வந்த அச்சம் ஒழியும் என்பது அவ்வுவமையின் கருத்து. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழியும் ஏறத்தாழ இதையே சொல்லுகிறது. ஆனால் எஸ் வளைவில் விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால் சில நாள் அங்கே உண்மையாகவே பாம்பு கிடக்கும். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அதிகாலையில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று அவ்வளைவில் நிலைதடுமாறி, சாலைக்குக் கீழே செல்லும் செங்கோட்டை–கொல்லம் ரயில்பாதையின் மீது விழுந்தது, ஓட்டுநர் இறந்தார். ஓசை கேட்டு எழுந்த முதிய தம்பதியர், கையில் டார்ச் லைட்டுடன் இருட்டில் தண்டவாளத்தின் வழியே ஓடி, அவ்வழியே வந்துகொண்டிருந்த ரயிலை நோக்கி ஒளியை அசைத்து அதை நிறுத்தினர். தமிழ்நாடு அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தது.

அந்த இருவரும் அச்சமற்றவர்கள் என்று புகழ்வது எளிது, ஆனால் அப்புகழ்ச்சியில் ஒரு பிழை உள்ளது. ரயில் வரும் திசை நோக்கி இருட்டில் ஓடும் முதியவர்களுக்கு அச்சம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. மோதப்போவது என்ன என்று அஞ்சியதனால்தான் அவர்கள் ஓடினர். அச்சம் அவர்களிடம் இருந்தது, ஆனால் கால்களின் ஆட்சி அதன் கையில் இல்லை. விபத்துக்குப் பின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப முடியாமல் தவிப்பவரிடமும் இருப்பது அதே அச்சம்தான். அவரிடத்தில் அது கால்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே ஆராய வேண்டிய வினா, அச்சம் உண்டா இல்லையா என்பதன்று. அது உடம்பின் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதே.

இவ்வினாவுக்குப் பதஞ்சலியின் யோகசூத்திரம் கூர்மையான சொற்களைத் தருகிறது. மனிதரைத் துன்புறுத்தும் ஐந்து கிலேசங்களுள், அதாவது மனத்தை அலைக்கழிக்கும் குற்றங்களுள், இறுதியாக அபிநிவேசம் வைக்கப்பட்டுள்ளது. வாழ்வை இறுகப் பற்றிக்கொள்ளுதல், சாவுக்கு அஞ்சுதல் என்பது அதன் பொருள். கற்றறிந்த அறிஞரிடத்தும் அது தானே ஊறிக்கொண்டிருக்கும் என்று அந்நூல் ஒப்புக்கொள்வது குறிப்பிடத்தக்கது, ஏனெனில் அச்சப்படுபவரைக் கோழை என்று ஒதுக்க அது இடந்தரவில்லை. அடுத்த சொல் சம்ஸ்காரம். பட்டறிவு ஒவ்வொன்றும் உள்ளத்தில் விட்டுச்செல்லும் தடம் என்று அதை விளக்கலாம். பெருங்காயப் பாண்டத்தில் காயம் தீர்ந்தபின்னும் மணம் நிற்பதுபோல நிற்கும் அத்தடத்தை வாசனை என்றும் கூறுவர்.

இந்த வாசனை எப்படி வேலைசெய்கிறது என்பதை விபத்துக்குள்ளானவரைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தால் காணலாம். எதிரே ஒரு லாரி திருப்பத்தில் தலைகாட்டியதும் அவருடைய வலது கால் தானாக நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கிறது. காலடியில் ரப்பர் விரிப்புதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தும் மிதிக்கிறார். கை, கதவின் மேல் உள்ள பிடியைப் பற்றுகிறது. லாரி கடந்துபோன பிறகும் கெண்டைக்கால் இறுகியே இருக்கிறது. அவருடைய அறிவுக்கும் காலுக்கும் இடையே எந்தச் செய்தியும் செல்லவில்லை. சொற்பொழிவாலும் அறிவுரையாலும் இவ்வச்சம் நீங்காததற்குக் காரணம் இதுவே: அறிவுரை செவிக்குச் செல்கிறது, வாசனையோ காலில் இருக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்னும் பழமொழியை இந்த ஒளியில் மீண்டும் படித்துப் பார்க்கலாம். பூனை கற்றுக்கொண்ட பாடம் தவறானதன்று, ஆனால் அளவுக்கு மிஞ்சியது. எரிகிற அடுப்புக்கு அஞ்ச வேண்டிய அது, அணைந்த அடுப்புக்கும், அடுப்பு இருக்கும் அறைக்கும், நாளடைவில் வீட்டின் அந்தப் பக்கத்துக்குமே அஞ்சுகிறது. விலகி நடக்கும் ஒவ்வொரு நாளும் அதன் அச்சம் சரி என்று அதற்கு நிறுவிக்கொண்டே போகிறது, ஏனெனில் அடுப்பு ஆறிவிட்டது என்பதை அறிய அது ஒரு நாளும் உள்ளே போகவில்லை. விபத்துக்குப் பின் 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று தள்ளிப்போடுவோர்க்கு நாள் போகப்போக அச்சம் குறையாமல் கூடுவது இதனால்தான்.

தென்முகக் கடவுளாகிய தட்சிணாமூர்த்தியின் திருவுருவத்தைச் சைவ சித்தாந்தம் விளக்கும் முறை இங்குப் பெருந்துணையாக அமைகிறது. ஆலமரத்தடியில் சனகர் முதலிய நால்வருக்கு வாய்திறவாமல் உபதேசிக்கும் அம்மூர்த்தியின் ஊன்றிய பாதத்தின் கீழ் ஒரு குறளுருவம் கிடப்பதைத் தமிழ்நாட்டுக் கோயில்களின் தெற்குக் கோட்டங்களில் காணலாம். முயலகன் என்பது அதன் பெயர். ஆணவமலத்தின் வடிவம் என்பது சித்தாந்திகள் கூறும் பொருள். ஆணவம் என்பது அன்றாட வழக்கில் செருக்கைக் குறிக்கும் என்றாலும், சித்தாந்தத்தில் அது உயிரைச் சுருக்கி அணுவளவாக்கி, அதன் அறிவையும் செயலையும் மறைத்து நிற்கும் மூல இருளைக் குறிக்கும். அச்சம் செய்வதும் இதைத்தானே? ஊர் முழுதும் போய்வரக்கூடிய ஒருவரை அது ஒரு தெருவுக்குள், ஓர் அறைக்குள் சுருக்கிவிடுகிறது.

முயலகன் என்னும் சொல்லுக்கு வேறொரு வரலாறும் உண்டு. உடல் நடுங்கி நினைவிழக்கும் வலிப்பு நோயும் பழந்தமிழில் இப்பெயரால் வழங்கியது. கொல்லிமழவன் மகளுக்குற்ற முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறும். வடமொழியில் இதற்கு இணையான அபஸ்மாரம் என்பது மறதியைக் குறிக்கும் சொல். விபத்துக்குள்ளானவருக்கு வந்திருக்கும் நோயோ மறக்க முடியாமை. நடுக்கம் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஊன்றிய பாதத்தின் கீழ் முயலகன் உயிரோடு இருக்கிறான் என்பதைச் சிற்பிகள் தவறாமல் காட்டியிருக்கின்றனர். தலையைத் தூக்கிப் பார்ப்பவனாகவும், சில இடங்களில் கையில் பாம்பைப் பிடித்தவனாகவும் அவனை அவர்கள் செதுக்கினரேயன்றி, பிணமாகச் செதுக்கவில்லை. இது கலையழகுக்காக மட்டும் செய்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரின் மரபு இதைக் கொள்கையாகவே வகுத்துள்ளது. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் உயிரோடு தொன்றுதொட்டு ஒட்டியிருக்கும் ஆணவம் என்னும் பொருள் அழிவதில்லை. பக்குவம் முதிரும்போது அதன் சத்தி, அதாவது மறைக்கும் வலிமை, மெலிந்து அடங்கிவிடும். இம்முதிர்ச்சிக்கு மலபரிபாகம் என்று பெயர். அம்முதிர்ச்சியின்போது திருவருள் பதிவதைச் சத்திநிபாதம் என்பர்.

அச்சத்தை ஆராய்ந்த அறிவியலாளர் வேறு திசையிலிருந்து வந்து ஏறத்தாழ இதே இடத்தில் நின்றிருப்பது வியப்பானது. பழக்கத்தால் உண்டான எதிர்வினை ஒன்று அணைந்துபோனதாகத் தோன்றிய பின்னும், சிலகாலம் கழித்துத் தானே மீண்டு வருவதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் நாய்களிடம் கண்டார். அதனால் பழைய தடம் அழிவதில்லை, அதன் மேல் புதிய தடம் ஒன்று படிந்து அதை அடக்கிவைக்கிறது என்ற முடிவுக்குப் பின்வந்தோர் வந்தனர். ஐந்தாண்டு ஒழுங்காக வண்டியோட்டிய ஒருவர், ஒரு மழைநாளில் பழைய விபத்தின் அதே வகை வளைவில் திடீரென்று உடல் வியர்ப்பதைக் கண்டு, 'எல்லாம் வீணாயிற்று' என்று மனம் உடைய வேண்டியதில்லை. எதுவும் வீணாகவில்லை. முயலகன் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தான், அவ்வளவே. அச்சத்தை ஒழித்துக்கட்டுவதாக உறுதிகூறும் மேடைப் பேச்சுகளைவிட, அதன் வலிமை அடங்கும் என்று மட்டும் கூறும் சித்தாந்தமே இவ்விடத்தில் உண்மைக்கு நெருங்கி நிற்கிறது.

அடங்குவதற்கு வழி என்ன என்பதைப் பௌத்தர்களின் மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள பயபேரவ சுத்தம் மிக நுணுக்கமாகக் கூறுகிறது. போதி பெறுவதற்கு முன், புத்தர் மயிர்க்கூச்செறியும் காட்டுக்கோயில்களில் வேண்டுமென்றே இரவைக் கழித்தார். மான் ஒன்று அருகே வரும், மயில் சுள்ளியை முறிக்கும், காற்று சருகைப் புரட்டும், உடனே அச்சம் எழும். நடந்துகொண்டிருக்கும்போது அச்சம் வந்தால் நிற்கவோ உட்காரவோ செய்யாமல் அது தணியும்வரை நடந்துகொண்டே இருந்தார். நிற்கும்போது வந்தால் நின்றுகொண்டே இருந்தார். எந்த நிலையில் அச்சம் வந்ததோ அந்த நிலையை மாற்றாமலே அதைத் தணியவிடுதல் என்பது இதன் சாரம். உளமருத்துவர் ஜோசப் வோல்ப்பி 1958-இல் வெளியிட்ட நூலின் வழி பரவிய படிப்படியான பழக்க மருத்துவமும், அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக, உடல் தளர்ந்த நிலையில் எதிர்கொள்ளச் செய்வதே. நின்ற வண்டியில் சாவி போடாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருத்தல், பிறகு என்ஜினை மட்டும் ஓடவிட்டுக் கேட்டிருத்தல், பிறகு ஆளில்லா மைதானத்தில் ஹாஃப் கிளட்ச்சில் நகர்தல், வண்டி ஆஃப் ஆகிவிட்டால் இறங்கி ஓடாமல் மீண்டும் சாவியைத் திருப்புதல் என்று இதன் படிகள் அமையும். இருபத்தேழு படிகளையும் ஒரே தாவலில் ஏறுவார் இல்லை.

சாவச்சத்தை ஒரே அமர்வில் கடந்தவர்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1896-இல் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, திடீரென்று எழுந்த மரண பயத்தை விலக்காமல், பிணம்போல் படுத்துச் சாவது எது என்று விசாரித்து முடித்தார். அது அவருக்கு வாய்த்தது. மற்றவர்களுக்குப் பதஞ்சலி சொல்லும் அப்பியாசமே வழி. நெடுங்காலம், இடைவிடாமல், ஆர்வத்துடன் செய்யப்பட்டால்தான் அது வேரூன்றும் என்று அவர் விதித்திருக்கிறார்.

ஆனால் தனியே செய்யும் பயிற்சி மட்டும் போதுமா என்பதில் மரபுகள் பிரிகின்றன. அபயம் என்னும் வடசொல்லை உடைத்தால் 'பயமின்மை' என்றுதான் பொருள் வரும். தமிழ் வழக்கிலோ அது அடைக்கலம் என்னும் பொருளையே பெரிதும் தாங்கி, ஒருவர் கேட்டு மற்றொருவர் அளிக்கும் பொருளாகிவிட்டது. நடராசரின் 'அஞ்சேல்' என்னும் வலக்கை அதனை அளிக்கும் கை. கீதையில் அர்ச்சுனன் உடல் நடுங்கி, மயிர்க்கூச்செறிந்து, காண்டீவம் கைநழுவித் தேர்த்தட்டில் அமரும்போது, இரு சேனைகளுக்கும் நடுவே தேர் நின்றுவிட்டிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உபதேசம் முழுவதும் நின்ற வண்டியில் நடக்கிறது. கடிவாளத்தைப் பிடித்தவர் அருகில் இருக்கிறார். நடுங்குகிறவனை அவர் கடிந்துகொண்டாலும் தேரைவிட்டு இறக்கிவிடவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டியில் பயிற்சியாளரும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ உதவும் இரட்டைக் கட்டுப்பாட்டு வசதி இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுவதை இந்தப் பின்னணியில் படித்தால், சட்டத்தின் வறண்ட மொழியிலும் அபயம் எழுதப்பட்டிருப்பது புலப்படும். பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கைத் தேடிய கால் கண்ட கனவு அங்கே இரும்பில் செய்து பொருத்தப்பட்டிருக்கிறது.

விபத்து நடந்த வீட்டில் 'எல்லாம் விதி' என்னும் ஆறுதலும் தவறாமல் சொல்லப்படும். வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கும் சித்தாந்தம் இதை அப்படியே ஏற்காது. சேர்ந்து கிடக்கும் பழவினை சஞ்சிதம். அதில் இப்பிறவியில் நுகர்வது பிராரத்தம். அந்நுகர்ச்சியின்போது இப்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். நேர்ந்த விபத்தைப் பிராரத்தம் என்று கொண்டாலும், இனி எப்படி ஓட்டுவது என்பது ஆகாமியத்தின்பாற்படும். தான் ஓட்டிய வண்டியால் பிறர் காயமுற்றோ இறந்தோ போனவருக்கு இவ்வேறுபாடு இன்னும் இன்றியமையாதது, ஏனெனில் அவருடைய அச்சத்துக்குள் குற்றவுணர்வும் கலந்திருக்கும். அவரிடம் விதியைக் காட்டுவது அவருடைய பொறுப்பைப் பறிப்பது. பொறுப்பைப் பறித்தபின் அவர் திருந்த வழியும் இல்லை.

புளியறையிலிருந்து ஏறும் ஓட்டுநர்கள் கோட்டைவாசல் கருப்பசாமி முன் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுத் திருநீறு இட்டுக்கொண்டு போவது வழக்கம். அரிவாளும் மீசையுமாக நிற்கும் அக்காவல் தெய்வமே பார்க்க அச்சம் தருவது. இங்கே நாட்டார் சமயம் அச்சத்தைத் துடைத்துவிடாமல், அதற்கு ஓர் உருவமும் நிற்க ஓர் இடமும் கொடுத்து எல்லையிலேயே நிறுத்தியிருக்கிறது. சக்கரத்தில் வைத்து நசுக்கும் எலுமிச்சம்பழம் தேய்ந்த பிரேக்கைச் சரிசெய்யாது என்பது உண்மை. எனினும் இறக்கத்துக்கு முன் வண்டி ஒருமுறை முழுதாக நிற்கிறது, ஓட்டுநர் இறங்குகிறார், டயரின் பக்கம் குனிகிறார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் போடக் கூடாது என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் விதியும் அச்சத்திலிருந்து பிறந்த அறிவே.

ஆகவே விபத்துக்குப் பின் கற்க வருபவரிடம் 'பயப்படாதே' என்று ஆணையிடுவதை வீட்டாரும் பயிற்சியாளரும் விட்டுவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், காலைத் தம் பக்கத்துப் பிரேக்கின் மேல் வைத்திருந்தால் போதும். அவசரப்படவும் தேவையில்லை: பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். தேர்வுக்கு முப்பது நாள் கழித்துத்தான் போக முடியும் என்று சட்டமே சொல்லுகிறது.